காமிக்ஸ் நாயகர்களும் நடிகர்களின் முகங்களும்

காமிக்ஸில் படித்து ரசித்த சூப்பர் ஹீரோக்கள், நடிகர்கள் நடிக்கும் திரைப்படங்களில் நன்றாக அமைகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்களை அனிமேஷனில் எடுத்தால்தான் பொருந்துமோ என்ற ஐயமும் உங்கள் கேள்வியில் இருக்கிறது. பல்லாண்டுகளாகப் படக்கதைகளைப் படித்துவருபவன், அவற்றிலிருந்து வந்த படங்களைத் தேடித் தேடிப் பார்ப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அமைகிறார்கள், ஆனால் எல்லாரும் அமைவதில்லை. பலர் இதைக் கிராபிக்ஸ் விவகாரம் என்று நினைக்கிறார்கள். என் கணிப்பில், அந்த உடைக்குள் நிற்கும் நடிகரின் முகத்தைப் படம் என்ன செய்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பறப்பது, சுவரில் ஏறுவது, காரைத் தூக்கி எறிவது எல்லாம் ஒரு காலத்தில் பெரும்பாடாக இருந்தன. சூப்பர்மேன் 1938இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் வந்தார். ஜெர்ரி சீகல் எழுத, ஜோ ஷூஸ்டர் வரைந்தார். பத்தே ஆண்டுகளில், 1948இல், கொலம்பியா நிறுவனம் அவரை வைத்து ஒரு தொடர்படம் எடுத்தது. நாயகனாக நடித்த கிர்க் ஆலின் பறக்க வேண்டிய இடம் வந்ததும் காணாமல் போய்விடுவார். அவருக்குப் பதிலாகக் கையால் வரைந்த ஓர் உருவம் வானத்தில் போகும். தரைக்கு வந்ததும் மறுபடியும் மனிதர். பறப்பதும் மனிதனாக இருப்பதும் ஒரே ஷாட்டில் சேரவே இல்லை.

அவற்றைச் சேர்த்துவைத்தது 1978இல் ரிச்சர்ட் டானர் இயக்கிய ‘சூப்பர்மேன்’. ஜோரன் பெரிசிச் என்ற ஒளிப்பதிவு வல்லுநர் இதற்காக ஒரு முறையைக் கண்டுபிடித்தார். பின்னணியை வீசும் புரொஜெக்டரிலும் நடிகரைப் படம்பிடிக்கும் கேமராவிலும் ஜூம் லென்ஸ்களைப் பொருத்தி, இரண்டும் ஒன்றாக நகரும்படி இணைத்தார். புரொஜெக்டர் பின்னணிப் படத்தை எவ்வளவு சிறிதாக்குகிறதோ, கேமரா அதே அளவுக்கு அதைப் பெரிதாக்கிவிடும். எனவே பார்ப்பவர் கண்ணுக்குப் பின்னணி மாறாமல் நிற்கும். நடுவில் தொங்கும் நடிகர் மட்டும் நம்மை நோக்கி விரைந்து வருவதுபோல் தோன்றுவார். நடிகர் ஓர் அங்குலம்கூட நகர்ந்திருக்க மாட்டார். அந்தப் படத்தின் தந்திரக் காட்சிகளுக்குச் சிறப்பு ஆஸ்கர் விருது கிடைத்தது. ஆக, பறக்கும் சிக்கல் கணினி கிராபிக்ஸ் வருவதற்கு முன்பே தீர்ந்துவிட்டது.

ஆனால் அந்தப் படம் இன்றும் நிற்பதற்குக் காரணம் வேறொரு காட்சி. நான் அதை முதலில் பார்த்தது தேய்ந்துபோன ஒரு வீடியோ கேசட்டில். பறக்கும் காட்சிகளில் பாதி புள்ளியும் கோடுமாகத்தான் தெரிந்தன. அப்படிப் பார்த்தும் இந்த ஒரு காட்சி அன்றே மனத்தில் ஒட்டிக்கொண்டது. சூப்பர்மேனோடு வானத்தைச் சுற்றிவிட்டுப் பத்திரிகையாளர் லோயிஸ் லேன் வீடு திரும்பியிருக்கிறாள். சற்று நேரத்தில் கிளார்க் கென்ட் வாசலுக்கு வருகிறார்; சூப்பர்மேன் மனிதர்களுக்கு நடுவே மறைந்து வாழும் வேடம் அது. அவள் உள்ளறைக்குள் போகிறாள். தனியாக நிற்கும் கிளார்க், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று முடிவுசெய்து கண்ணாடியைக் கழற்றுகிறார். கூன் நிமிர்கிறது. தோள்கள் விரிகின்றன. தாடை உயர்கிறது. அவள் பெயரைச் சொல்லி அழைக்கும் குரல் ஆழத்திலிருந்து வருகிறது. நம் கண்ணெதிரே வேறு ஓர் ஆள் நிற்கிறார். பிறகு தைரியம் போய்விடுகிறது. கண்ணாடி மூக்குக்குத் திரும்புகிறது, முதுகு வளைகிறது, குரல் மேலே ஏறித் தடுமாறுகிறது. கம்பி இல்லை, புரொஜெக்டர் இல்லை. கிறிஸ்டோபர் ரீவ் என்ற ஒரு நடிகரின் உடல் மட்டும்தான்.

காமிக்ஸில் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை. ஓவியர் ஒரே முகத்தை வரைந்து மூக்கின் மேல் இரண்டு வட்டம் போட்டால் கிளார்க். வட்டத்தை எடுத்துவிட்டு நெற்றியில் ஒரு சுருள்முடியைப் போட்டால் சூப்பர்மேன். வாசகர் அதை ஒரு மரபாக ஏற்றுக்கொள்கிறார். கேமராவுக்கு முன்னால் அது செல்லாது. ஒரு கண்ணாடியைப் போட்டதும் ஆளை அடையாளம் தெரியாமல் போய்விடுமா என்று எட்டு வயதுப் பையன்கூடக் கேட்பான். ரீவ் அந்தக் கேள்விக்குத் தன் முதுகெலும்பால் பதில் சொன்னார். கோடு செய்த வேலைக்கு ஈடாக உடல் ஒன்றைச் செய்தாக வேண்டும். சூப்பர் ஹீரோ படங்களில் நான் தேடுவது இதைத்தான்.

முகமூடிக்காரர்களிடம் வந்தால் இது இன்னும் சிக்கலாகிறது. ஸ்பைடர்மேனைப் பாருங்கள். 1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் உருவாக்கிய அந்த உடை முகத்தை முழுவதும் மூடியது. உதடு தெரியாது, கண் தெரியாது. இருந்தும் அதற்குள் இருக்கும் பீட்டர் பார்க்கரின் மனம் நமக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். தலைக்கு மேல் நினைவுப் பலூன்கள் மிதக்கும். வாடகை பாக்கியிலிருந்து அத்தையின் உடல்நலம் வரை எல்லாம் அதில் இருக்கும். அத்தோடு, முகமூடியின் வெள்ளைக் கண்கள் உணர்ச்சிக்கு ஏற்ப விரியும், சுருங்கும். கண்ணாடித் துண்டு எப்படி விரியும் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

திரைப்படத்தில் பலூன் கிடையாது. கண்கள் உண்மையிலேயே விறைத்த கண்ணாடித் துண்டுகள். இதன் பலனைச் சாம் ரைமியின் 2002ஆம் ஆண்டு ‘ஸ்பைடர்மேன்’ படத்தில் ஒரே உட்காரலில் பார்க்கலாம். ஒரு மொட்டைமாடியில் கிரீன் காப்ளின் ஸ்பைடர்மேனை மயக்கிப் போட்டு, தன்னோடு சேர்ந்துகொள்ளும்படி பேசுகிறான். இருவர் முகமும் மூடியிருக்கிறது. வில்லனின் முகமூடியோ அசையாத கெட்டிக் கவசம். முகத்தசை அசையும் முகமூடி ஒன்றை முதலில் சோதித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டிருந்தார்கள். வசனம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் காட்சியில் உயிர் இல்லை. அதே படத்தில் அதே நடிகர் வில்லம் டஃபோ, முகமூடி இல்லாமல் ஒரு நிலைக்கண்ணாடியின் முன் நின்று தன்னோடு தானே பேசுகிறார். ஒரு பக்கம் நடுங்கும் தொழிலதிபர், கண்ணாடிக்குள் பல்லைக் காட்டும் பேய். எனக்கு முதுகு சில்லிட்டது.

ரைமி இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டார் என்றே நினைக்கிறேன். 2004இல் வந்த இரண்டாம் பாகத்தின் ரயில் காட்சியில், ஓடும் ரயிலைத் தடுப்பதற்கு முன்பே முகமூடியைக் கழற்ற வைத்துவிடுகிறார். பல்லைக் கடித்து, நரம்பு புடைக்க, டோபி மக்வயர் தன் மேனியால் ரயிலை நிறுத்துகிறார். சிலந்தி நூல் கணினியில் போட்டதுதான். வலி அந்த முகத்தில் இருக்கிறது. மயங்கி விழப்போகிறவனைப் பயணிகள் பிடித்து, தலைக்கு மேல் கைமாற்றிக் கைமாற்றிப் பெட்டிக்குள் கொண்டுபோய்க் கிடத்துகிறார்கள். அப்போதுதான் இது ஒரு சின்னப் பையன் என்று அவர்களுக்குத் தெரிகிறது. இரண்டு சிறுவர்கள் முகமூடியை அவனிடம் திருப்பிக் கொடுத்து, யாரிடமும் சொல்ல மாட்டோம் என்கிறார்கள். ஒரு நகரம் தன் காவலனின் முகத்தைப் பார்த்துவிட்டு மௌனமாக ஒப்பந்தம் போடுகிறது. எந்தக் காமிக்ஸ் பக்கத்திலும் இப்படி ஒரு கணத்தை நான் படித்ததில்லை. படம் மூலத்தைத் தாண்டிப்போன இடம் இது.

பிறகு வந்தவர்கள் வேறு வழிகளைக் கண்டார்கள். 2008இல் ஜான் ஃபாவ்ரோ ‘அயர்ன்மேன்’ எடுத்தபோது கேமராவைத் தலைக்கவசத்துக்குள்ளேயே கொண்டுபோனார். வெளியே உலோகம் பறக்கிறது. மறு ஷாட்டில் ராபர்ட் டவுனி ஜூனியரின் முகம் திரை முழுக்க நிற்கிறது, அதன் மேல் நீல எழுத்துகள் ஓடுகின்றன. எளிய யோசனைதான். அது இல்லாவிட்டால் அந்தப் படம் ஓர் இயந்திரத்தின் கதையாகியிருக்கும். 2016இல் ‘டெட்பூல்’ படத்தில் முகமூடியின் வெள்ளைக் கண்களைக் கணினியில் விரித்துச் சுருக்கினார்கள். அதே ஆண்டில் புது ஸ்பைடர்மேனுக்குக் கேமரா லென்ஸ்போல் மூடித் திறக்கும் கண்கள் வந்தன. டிட்கோவின் கோடுகள் செய்ததைச் செய்ய சினிமாவுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்திருக்கிறது.

பேட்மேனின் கதை கழுத்தில் இருக்கிறது. காமிக்ஸில் அவர் ஒரு நிழல்: நீண்ட காது, விரிந்த அங்கி, கருவிழி இல்லாத வெள்ளைக் கண். டிம் பர்ட்டனின் 1989ஆம் ஆண்டுப் படத்தில் மைக்கேல் கீட்டன் அணிந்த ரப்பர் உடையில் தலை தனியாகத் திரும்பாது. யாரையாவது பார்க்க வேண்டுமானால் இடுப்பிலிருந்து முழு உடம்பும் திரும்ப வேண்டும். கீட்டன் அதையே அந்தப் பாத்திரத்தின் நடையாக மாற்றிக்கொண்டார். அந்த விறைப்பில் ஒரு மிரட்டல் இருந்தது. 2008இல் வந்த கிறிஸ்டோபர் நோலனின் படத்திலோ, தலையைத் திருப்பக்கூடிய உடை வேண்டும் என்று பேட்மேனின் நிஜ முகமான புரூஸ் வெய்ன் கேட்கும் காட்சியே இருக்கிறது. கண்ணைச் சுற்றிய கருமை இன்னொரு நுணுக்கம். முகமூடி ஓட்டைக்குள் தோல் தெரியாமலிருக்க நடிகர்களுக்குக் கண்ணைச் சுற்றிக் கறுப்பு பூசுவார்கள். 1992ஆம் ஆண்டுப் படத்தில் கீட்டன் முகமூடியைக் கிழித்தெறியும் கணத்தில் அந்தக் கறுப்பு மாயமாய் மறைந்துவிடும். முப்பது ஆண்டுகள் கழித்து, 2022இல் மேட் ரீவ்ஸ் அதை மறைக்காமல் காட்டினார். ராபர்ட் பாட்டின்சன் முகமூடியைக் கழற்றுகிறார். வியர்வையில் கரைந்த மை கன்னத்தில் வழிந்திருக்கிறது. இரவெல்லாம் அடிதடியில் கழித்துவிட்டுத் தூங்காமல் வந்து நிற்கும் ஒரு மனிதன். ஒளிக்க வேண்டிய ஒப்பனை குணச்சித்திரமாக ஆகிவிட்டது.

உடையின் நிறத்தைப் பற்றி ரசிகர்கள் போடும் சண்டையில் நான் சேர்வதில்லை. அந்த நிறங்கள் பல அச்சகத்தில் பிறந்தவை. மலிவுக் காகிதத்தில் நான்கு மைகளைக் கொண்டு அடிக்கும்போது சிவப்பும் நீலமும் மஞ்சளும்தான் எடுப்பாக விழும். ஹல்க் 1962இல் முதல் இதழில் சாம்பல் நிறத்தில் இருந்தார். அந்தச் சாம்பல் ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு விதமாக அச்சானதால் பச்சைக்கு மாற்றினார்கள். சூப்பர்மேனின் சிவப்பு ஜட்டி அந்நாளைய சர்க்கஸ் பலசாலிகளின் உடையிலிருந்து வந்தது. ஆனாலும் இந்த நிறங்களைக் கண்டு வெட்கப்படும் படங்களை என்னால் ஏற்க முடியவில்லை. 2000ஆம் ஆண்டு ‘எக்ஸ்-மென்’ படத்தில் எல்லோருக்கும் கறுப்புத் தோலுடை. மஞ்சள் உடையா வேண்டும் என்று மூலக்கதையைச் சீண்டும் வசனம் வேறு. அந்தக் குழுவின் வுல்வரினாக ஹ்யூ ஜாக்மன் மஞ்சள் உடையை அணிந்து ஒரு முழுப் படத்தில் வலம்வர 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சூப்பர்மேனின் ஜட்டி 2013இல் காணாமல் போய் 2025இல் திரும்பியது. குழந்தைகள் தன்னைக் கண்டு பயப்படக் கூடாது என்று நினைப்பவர் அதைத்தானே அணிவார் என்று நடிகர் டேவிட் கோரன்ஸ்வெட் வாதாடியதாக இயக்குநர் ஜேம்ஸ் கன் சொல்லியிருக்கிறார். எனக்குப் பிடித்த வாதம் இது. நிறத்துக்குப் பின்னால் ஒரு மனத்தைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள்.

இனி, திரைக்கு வரவே முடியாத ஒன்றைச் சொல்கிறேன்: காமிக்ஸ் பக்கம். ஒரு பக்கத்தைத் திருப்பியதும் கண் முதலில் அதை முழுதாகப் பார்க்கிறது. பிறகுதான் கட்டம் கட்டமாகப் படிக்கிறது. இரண்டு கட்டங்களுக்கு நடுவிலுள்ள வெள்ளை இடைவெளியில் என்ன நடந்தது என்பதை நாமே இட்டு நிரப்புகிறோம். எவ்வளவு நேரம் நின்று பார்ப்பது என்பதும் நம் கையில். சினிமா ஒரு நேரத்தில் ஒரு படத்தை, தன் வேகத்தில் தருகிறது. ஆங் லீ 2003இல் ‘ஹல்க்’ படத்தின் திரையைக் கட்டங்களாகப் பிரித்துப் பார்த்தார். எல்லாக் கட்டத்திலும் படம் ஓடியதால் கண் எங்கே நிற்பதென்று தவித்தது. துணிச்சலான முயற்சி என்று மதிக்கிறேன், ஆனால் பலிக்கவில்லை.

இதைவிடத் தெளிவான சான்று ‘வாட்ச்மென்’. ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்து 1986–87இல் பன்னிரண்டு இதழ்களாக வந்த கதை அது. பெரும்பாலான பக்கங்கள் ஒன்பது கட்டச் சட்டகத்தில் அமைந்தவை. ஐந்தாம் இதழில் முதல் பக்கத்தின் கட்ட அமைப்பு கடைசிப் பக்கத்தில் கண்ணாடிப் பிம்பம்போல் திரும்ப வரும்; இரண்டாவது பக்கம் கடைசிக்கு முந்தையதோடு பொருந்தும்; இப்படியே நடுப்பக்கம் வரை. கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் புரட்டினால்தான் இந்த அழகு பிடிபடும். 2009இல் ஸாக் ஸ்னைடர் அதைப் படமாக்கியபோது பல காட்சிகளைக் கட்டத்துக்குக் கட்டம் அப்படியே அமைத்தார். மூர் தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு அந்தப் படத்தில் மிகப் பிடித்தது, நாயகர்களின் பல்லாண்டு வரலாற்றை ஏறக்குறைய உறைந்த காட்சிகளாகக் காட்டும் தொடக்கப் பெயர்ப் பட்டியல். காமிக்ஸில் அது அந்த வடிவில் கிடையாது. படம் தானாகச் சிந்தித்த இடத்தில் மூச்சு விடுகிறது. நகலெடுத்த இடங்களில் திணறுகிறது.

அனிமேஷன் பற்றிய உங்கள் ஐயத்துக்கு இங்கேதான் பதில். பக்கத்துக்கு மிக அருகில் போன படம் 2018இல் வந்த ‘ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’. பழைய அச்சின் புள்ளிகள், நிறம் விலகி விழுந்த ஓரங்கள் எல்லாம் அதில் அழகாக மாறியிருக்கின்றன. ஒரு காட்சியில், புதிதாக ஸ்பைடர்மேனாகும் பயிற்சி இல்லாத சிறுவன் மைல்ஸ் நொடிக்குப் பன்னிரண்டு படங்களில் தத்தித் தாவுகிறான். அனுபவசாலி பீட்டர் இருபத்து நான்கில் வழுக்கிச் செல்கிறார். அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாமலே மனத்துக்குத் தெரிகிறது. கோட்டின் அழகு வேண்டுமென்றால் அனிமேஷனுக்கே என் ஓட்டு. ஆனால் வழிந்த மையும் புடைத்த நரம்பும் அதில் கிடைக்காது.

இன்னொன்றும் கிடைக்காது: முதுமை. பீட்டர் பார்க்கர் 1962இல் பள்ளி மாணவன். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் மாத இதழ்களில் அவன் இளைஞன்தான். நடிகரால் அப்படி இருக்க முடியாது. தயாரிப்பாளர்களுக்கு இது தலைவலி. ஆனால் 2017இல் ஜேம்ஸ் மேங்கோல்ட் எடுத்த ‘லோகன்’ இதையே மூலதனமாக்கியது. காமிக்ஸ் வுல்வரின் ஐந்தடி மூன்றங்குலக் குள்ளன். ஜாக்மனோ ஆறடிக்கு மேல். அளவுகோலை வைத்துப் பார்த்தால் முதல் நாளே தவறான தேர்வு. பதினேழு ஆண்டுகள் அவரோடு சேர்ந்து நாமும் வயதானோம். நரைத்த தாடியோடு, படிக்கக் கண்ணாடி தேடும் வுல்வரினைப் பார்த்தபோது, ஓவியர் போட்ட எந்த நரையும் தராத துக்கம் வந்தது.

அமையாதவர்கள் யார்? 2011இல் ‘கிரீன் லான்டர்ன்’ பட நாயகனின் உடையை முழுவதும் கணினியில் போட்டார்கள். பச்சைப் படலத்தின் மேல் நடிகரின் தலை தனியாக மிதந்தது. அதை விரித்துப் பேச ஒன்றுமில்லை. எனக்கு வருத்தம் தந்தது வேதாளர். லீ ஃபாக் 1936இல் தொடங்கிய ஃபேண்டம்தான் தமிழில் வேதாளர் ஆனார். அவர் கண்ணில் கருவிழி வரைவதில்லை. கிரேக்கச் சிலைகளைப் பார்த்து அந்த யோசனை வந்ததாக ஃபாக் சொல்லியிருக்கிறார். முகமூடி இல்லாத அவர் முகத்தைக் கண்டவன் கொடூரமாகச் சாவான் என்பது காட்டில் வழங்கும் நம்பிக்கை. தலைமுறை தலைமுறையாக மகன் தந்தையின் முகமூடியைப் போட்டுக்கொள்வதால், ஊர் அவரைச் சாகாதவர் என்று நினைக்கிறது. அவருடைய பலமே முகம் இல்லாமைதான். 1996இல் வந்த படத்தில் பில்லி ஸேன் உடற்கட்டோடு ஊதா உடையில் பொருத்தமாகவே நின்றார். ஆனால் முகமூடியைக் கழற்றி, கோட்டும் தொப்பியுமாக நியூயார்க்கில் சாதாரணமாக நடந்துவிட்டார். அந்த நிமிடத்தில் நானூறு ஆண்டுப் புராணம் ஒரு நல்ல இளைஞனாகச் சுருங்கிவிட்டது.

சிவகாசியிலிருந்து 1972இல் வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’யைப் படித்து வளர்ந்தவர்களுக்கு அடுத்த கேள்வி தானாக வரும்: மாயாவியைப் படமாக எடுத்தால் அமைவாரா? பிரிட்டனில் 1962இல் தொடங்கிய அந்தத் தொடரின் நாயகன் லூயிஸ் கிராண்டேல், மின்சாரம் பாய்ந்ததும் முழுதாக மறைந்துவிடுவார். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். ஸ்பானிய ஓவியர் ஹேசுஸ் பிளாஸ்கோ கரிய நிழல்களுக்கு நடுவே அந்த ஒற்றைக் கையை வரைந்திருக்கும் விதம் இன்றும் என்னைப் பிடித்து நிறுத்துகிறது. அவரைப் படமாக எடுப்பது இன்று எளிது. ஒரு கையை மிதக்கவிட எந்த ஸ்டூடியோவாலும் முடியும். ஆனால் அவர் சக்தி பெறும் கணத்தில்தான் நடிகரின் முகம் நம்மை விட்டுப் போகிறது.

நானாக இருந்தால், மறைந்திருக்கும் நேரம் முழுவதும் கேமராவை அந்தக் கையைக் காண்பவர்களின் முகத்தில் வைப்பேன்: இரவுக் காவலாளி, ரயில்வே கிளார்க், தூக்கம் கலைந்து எழுந்த ஒரு குழந்தை. பிறகு மின்சாரத்தின் வேகம் குறைந்து, இருட்டு அறையில் முதலில் மூச்சு கேட்டு, தோள் தெரிந்து, கடைசியாக அந்த மனிதனின் முகம் மெல்லத் திரும்பி வரும் ஷாட்டுக்கு, அவசரமே இல்லாமல் ஒரு முழு நிமிடம் கொடுப்பேன்.